அறுந்த இடமும் பழுதுபட்ட இடமும்

(அருப்புக்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் இம்மாதிரி மேடைகளில் வழக்கமாகப் பேசப்படும் விஷயமன்று. கணினியில் ஒரு வரைகலை நிரலகத்தை, லைப்ரரி என்று நீங்கள் சொல்லுகிறீர்களே அதை, புதிய பதிப்பாகப் பார்த்து நிறுவுகிறோம். நிறுவிய மறு நிமிஷமே, நேற்றுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த செயலி ‘கிராஷ்’ ஆகிக் கண்ணெதிரே மறைந்துபோகிறது. அந்த விபரீதம் ஏன் நிகழ்கிறது, அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை யாது, பரிகாரம் யாது என்பதே இன்றைய பொருள். ரமண மகரிஷி 1879ஆம் ஆண்டு பிறந்த திருச்சுழிக்கு இவ்வளவு அருகில் நின்றுகொண்டு இந்த லௌகிக விஷயத்தையா பேசுவது என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். அவர் தம்மையே விசாரித்தார். நாம் ஒரு யந்திரத்தை விசாரிக்கப் போகிறோம். விசாரணைக்கு வேண்டிய பொறுமை மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

தறியோசை கேளாத தெருவிலே பிறந்தவர்கள் இந்த அவையில் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆகையால் உங்களுக்குத் தெரிந்த ஒன்றையே முதலில் நினைவூட்டுகிறேன். தறியில் நெய்துகொண்டிருக்கையில் இழை அறுகிறது. அறுவது அச்சுக்கு அருகே, நெய்பவருடைய கைக்கெட்டிய இடத்தில். ஆனால் அனுபவமுள்ள நெசவாளர் அச்சைக் குற்றம் சொல்லுவதில்லை, நாடாவைக் குற்றம் சொல்லுவதில்லை. இழையை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, ‘கஞ்சி சரியாக ஏறவில்லை’ என்கிறார். பழுது என்றைக்கோ ஒரு காலைப்பொழுதில், தெருவில் பாவு ஆற்றியபோதே நிகழ்ந்துவிட்டது. அது வெளிப்பட்டதுதான் இன்று. அறுந்த இடம் ஒன்று, பழுதுபட்ட இடம் வேறொன்று. கணினியின் முறிவுகளை ஆராய்வோருக்கு இதைவிட மேலான பாலபாடம் கிடையாது.

வரைகலை நிரலகம் என்பது யாது? ஒரு செயலியை எழுதுகிறவர், சாளரத்தை வரைவதற்கும், பொத்தானை அமுக்கினால் அது அமுங்கியதுபோலத் தோன்றுவதற்கும், எழுத்துகளை அணியணியாகத் திரையில் நிறுத்துவதற்கும் தாமே ஒவ்வொரு முறையும் நிரல் எழுதிக்கொண்டிருந்தால், அவர் ஆயுள் அதிலேயே கழிந்துவிடும். ஆதலால் இக்காரியங்களையெல்லாம் யாரோ சிலர் ஒருமுறை சிரத்தையோடு செய்து, பொதுச் சொத்தாக ஓரிடத்தில் வைத்துவிடுகிறார்கள். நூறு செயலிகள் வந்து அதனைப் பயன்படுத்திக்கொள்ளுகின்றன. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் உலகில் இவ்வகையில் பெரும் புகழ் பெற்றவை இரண்டு. ஒன்று நார்வே நாட்டார் இருவர் தொடங்கிய க்யூட், மற்றொன்று ஜிடிகே. இந்த ஜிடிகேயின் ஜன்ம வரலாறு சுவையானது. அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995ஆம் ஆண்டு வாக்கில் ‘கிம்ப்’ என்ற படம் தீட்டும் செயலியை எழுதப் புகுந்தார்கள். அதற்கு அவர்கள் முதலில் பயன்படுத்தியது மோடிஃப் என்னும் வேறொரு நிரலகம். அது அந்நாளில் விலைகொடுத்து உரிமம் பெறவேண்டிய சரக்கு. அந்தக் கட்டுப்பாடு பொறுக்காமல், மாட்டிஸ் தமக்கென்று ஒரு நிரலகத்தை எழுதினார். அதுவே ஜிடிகே. 1998இல் அதன் முதற்பதிப்பு, 2002இல் இரண்டாவது, 2011இல் மூன்றாவது, 2020இல் நான்காவது என்று அது வளர்ந்தது. ஆனால் அதற்குப் பிறப்பளித்த கிம்ப் என்ன செய்தது தெரியுமா? 2011 பிப்ரவரியில் வெளிவந்த மூன்றாம் பதிப்புக்கு அது முற்றிலும் மாறி வந்து சேர்ந்தது 2025 மார்ச்சில்! தன் வயிற்றில் பிறந்த பெண்ணின் நடைக்கு ஈடுகொடுக்கத் தாய்க்கே பதினான்கு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. அப்படியிருக்க, புதிய நிரலகத்தை இன்றைக்கு நிறுவி, இன்றைக்கே எல்லாம் ஓடவேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயம்?

நிரலகத்துக்கும் செயலிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அது காகிதத்தில் எழுதிக் கையொப்பமிட்ட ஒப்பந்தமன்று. பைட் கணக்கிலே எழுதப்பட்ட ஒப்பந்தம். ஒரு சாளரத்தைப் பற்றிய விவரங்களை நிரலகம் நினைவகத்தில் ஒரு வரிசையில் வைக்கிறது. அகலம் 16ஆம் பைட்டில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலியைத் தொகுத்த, அதாவது ‘கம்பைல்’ செய்த, நாளில் அந்த எண் செயலிக்குள்ளே கல்லில் வெட்டியதுபோலப் பதிந்துவிட்டது. பின்னொரு நாள் நிரலகத்தார் புதிய வசதி ஒன்றைச் சேர்க்கிறார்கள்; அதற்காக அகலத்துக்கு முன்னால் எட்டு பைட் நீளமுள்ள ஒரு முகவரியைச் செருகுகிறார்கள்; அகலம் 24ஆம் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. இது பழைய செயலிக்குத் தெரியுமா? தெரியாது. அது வழக்கம்போல 16ஆம் இடத்துக்குப் போய், அங்கே கிடக்கும் முகவரியின் ஒரு பகுதியை அகலம் என்று எண்ணி எடுத்துக்கொள்ளுகிறது. அல்லது, அதைவிடக் கேடாக, அந்த இடத்தில் தன் அகலத்தை எழுதிவிட்டு வந்துவிடுகிறது. அந்த க்ஷணத்தில் ஒன்றுமே நடக்காது. நண்பர்களே, இதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். அந்த க்ஷணத்தில் ஒன்றுமே நடக்காது! சற்று நேரம் கழித்து, குற்றமற்ற வேறொரு பகுதி அந்த முகவரியை நம்பிப் போய், இல்லாத வீட்டின் கதவைத் தட்டும்போதுதான், இயங்குதளம் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று சொல்லிச் செயலியைக் கொன்றுபோடுகிறது. அறுந்த இடம் ஒன்று, பழுதுபட்ட இடம் வேறொன்று.

இந்த ஆபத்தை நிரலகம் ஆக்குவோர் அறியாதவர்களல்லர். நிரலகக் கோப்பின் பெயரிலேயே ஓர் எண்ணை அவர்கள் சேர்த்து வைக்கிறார்கள். ஒப்பந்தம் மாறினால் அந்த எண் மாறவேண்டும் என்பது விதி. படக்கோப்புகளைப் படிக்கும் லிப்பிஎன்ஜி என்ற நிரலகம் இதில் ஒரு நல்ல பாடம். அதன் பழைய 1.2 பதிப்பின் காலத்தில், செயலிகள் நிரலகத்தின் உள்ளறைக்குள்ளேயே கைவிட்டு, படத்தின் விவரங்களைத் தாமே எடுத்துக்கொண்டன. 2011இல் வந்த 1.5ஆம் பதிப்பு அந்த உள்ளறையைப் பூட்டிவிட்டது. வேண்டியதை வாசலில் நின்று முறையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும் என்று ஆயிற்று. எத்தனையோ பழைய செயலிகள் அன்று தொகுக்க முடியாமல் நின்றன, உண்மை. ஆயினும் அந்த நிரலகம் ஒரு நற்காரியமும் செய்திருந்தது: செயலி எந்தப் பதிப்புக்காகத் தொகுக்கப்பட்டது என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டு, ஒவ்வாததென்றால் அப்படியே சொல்லி மறுத்துவிடும். நடுவழியில் விழுவதைக் காட்டிலும் வாசலிலேயே மறுக்கப்படுவது எவ்வளவோ மேல்.

இவ்வளவும் கேட்டபின், குற்றமெல்லாம் புதிய நிரலகத்தின்மேல்தான் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படாதீர்கள். 2010ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு வழக்கு நடந்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பில், குளிப்சி எனப்படும் அடிப்படை நிரலகத்தின் புதிய பதிப்பு சேர்க்கப்பட்டது. உடனே ஃபிளாஷ் பிளேயரில் பாட்டுக் கேட்டவர்கள் பலருக்கு ஓசை கரகரவென்று சிதைந்து கேட்டது. காரணம் என்ன? நினைவகத்தின் ஒரு துண்டை வேறோர் இடத்துக்குப் பிரதி செய்யும் ‘மெம்காப்பி’ என்னும் பணியை, புதிய குளிப்சி, வேகத்தை உத்தேசித்துச் சில பிராசஸர்களில் வாலிலிருந்து தலைக்குச் செய்யத் தொடங்கியிருந்தது. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது அப்பணியின் இலக்கணம். ஃபிளாஷ் அந்த இலக்கணத்தை மீறியே வந்திருந்தது. தலையிலிருந்து வாலுக்குப் பிரதி நடந்தவரையில் அந்தத் தவறு மறைந்திருந்தது. திசை மாறியதும் அம்பலமாயிற்று. ஆக, சட்டப்படி குற்றவாளி செயலிதான். ஆனால் லினக்ஸின் தந்தையாகிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பயன்படுத்துகிற சாமானிய மனிதனுக்கு நேற்று கேட்ட பாட்டு இன்று கேட்கவில்லையென்றால், இலக்கணம் பேசி என்ன பயன் என்பது அவர் கட்சி. கடைசியில் குளிப்சியார் 2011இல் வெளியிட்ட 2.14ஆம் பதிப்பில் ஒரு சமாதானம் கண்டார்கள்: பழைய செயலிகளுக்குப் பழைய நடத்தை, புதிதாகத் தொகுக்கப்படுபவற்றுக்குப் புதிய நடத்தை என்று ஒரே பெயருக்கு இரு வடிவங்களை வைத்தார்கள். என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், நான் டோர்வால்ட்ஸின் பக்கம். இலக்கணத்தின் பக்கம் நிற்போரும் இந்த அவையில் இருக்கலாம். அவர்களோடு பிறகு வாதிட்டுக்கொள்ளலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது நீங்கள் அறிந்ததே. அவற்றில் விண்டோஸோடு, டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸும் வந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட பழைய மடிக்கணினி ஒன்றைப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டு, லினக்ஸில் படம் வரைகிற ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருடைய தகப்பனார் சேலைக் கரைக்கு டிசைன் போடுகிறவர். அதுவரை கட்டத்தாளில் போட்டுக்கொண்டிருந்ததை மகன் கிம்ப்பில் போட்டுத் தருகிறார். புதிய கிம்ப் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அதை நிறுவப் பார்க்கிறார். அது புதிய ஜிடிகே வேண்டும் என்கிறது. ஜிடிகே, தனக்கு அடிப்படையான ஜிலிப் என்ற நிரலகம் புதிதாக வேண்டும் என்கிறது. அது வேறொன்றைக் கேட்கிறது. இளைஞர் சளைத்தாரில்லை. மூல நிரல்களை இறக்கி, ஒவ்வொன்றாகத் தொகுத்து, எல்லாவற்றையும் ‘யூஎஸ்ஆர்’ அடைவின் உள்ளே ‘லோக்கல்’ என்ற அடைவில் நிறுவுகிறார். இரவு பதினொரு மணிக்குப் புதிய கிம்ப் திறக்கிறது. மகிழ்ச்சி! படத்தைத் திறக்கலாமென்று கோப்புப் பட்டியலில் ‘திற’ என்பதைச் சொடுக்குகிறார். கிம்ப் மறைந்துவிடுகிறது. மறுபடி திறக்கிறார், மறுபடி மறைகிறது. மறுநாள் காலையில் கோப்பு மேலாளரும் விழுகிறது, பணிப்பட்டையையும் காணோம்.

அவர் செய்தது என்ன? கிம்ப்புக்கு மட்டும் விருந்து வைப்பதாக நினைத்துக்கொண்டு, கணினியிலுள்ள அத்தனை செயலிகளுக்கும் சோற்றை மாற்றிவிட்டார். டெபியன் வகை இயங்குதளங்களில், நிரலகங்களைத் தேடும் ஏற்றி முதலில் பார்ப்பது அந்த ‘லோக்கல்’ அடைவைத்தான். அங்கே அதே பெயரில் ஒன்று கிடைத்துவிட்டால், இயங்குதளத்தோடு வந்ததை அது திரும்பியும் பார்ப்பதில்லை. ஆகவே கோப்பு மேலாளரும் பணிப்பட்டையும், யாரும் சொல்லாமலே, பாதி பழைய நிரலகங்களோடும் பாதி புதிய நிரலகங்களோடும் ஓடத் தொடங்கிவிட்டன. புதிதாய் நிறுவியபின் நேரும் முறிவுகளில், நான் கண்டவரையில், பெரும்பங்கு இந்தக் கலப்படத்தால் வருவதே.

இப்போது விசாரணை தொடங்குகிறது. முதற்காரியம் யாது? நம்மவர்களுக்கு முதற்காரியம் ஒன்றே ஒன்று: கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது. கடைக்காரருக்கும் முதற்காரியம் ஒன்றே ஒன்று: ‘ஃபார்மட் போட்டுவிடலாம்’ என்பது. ஐயா, இதைப்போல ஓர் அக்கிரமம் உண்டா? கொலை நடந்த வீட்டுக்கு வந்த அதிகாரி, தடயங்களைப் பாராமல், வீட்டையே இடித்துப் புதிதாய்க் கட்டித்தருகிறேன் என்றால் ஒப்புவீர்களா? ஃபார்மட் போட்டால் கணினி ஓடும், மெய்தான். அடுத்த மாதம் அதே இளைஞர் அதே காரியத்தைச் செய்வார், அதே இடத்தில் விழுவார்.

ஆகையால் முதலில், அந்தச் செயலியைச் சின்னத்தைச் சொடுக்கித் திறவாமல், டெர்மினலில் அதன் பெயரைத் தட்டெழுதித் திறக்கவேண்டும். சின்னத்தின் வழியாகத் திறந்தால் செயலி வாய் மூடிச் சாகிறது. டெர்மினலில் திறந்தால் மரண வாக்குமூலம் கொடுத்துவிட்டுச் சாகிறது. நம் இளைஞர் அவ்வாறு செய்து ‘திற’ என்பதைச் சொடுக்கியபோது வந்த வாக்குமூலம் இதுதான்: கோப்பு தேர்ந்தெடுப்புப் பெட்டிக்குரிய அமைப்புத் திட்டம், ‘ஸ்கீமா’ என்பது, நிறுவப்படவில்லை, அதனடியில் ‘ட்ரேஸ் பிரேக்பாயின்ட் ட்ராப்’. பார்த்தீர்களா? நினைவகத்தில் யாரும் தப்பாகக் கைவைக்கவில்லை. நிரலகம், தனக்கு இன்றியமையாத ஒரு பட்டியலைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், இனித் தொடர்வது ஆபத்து என்று தானே நின்றுவிட்டிருக்கிறது. பட்டியல்களைத் தொகுத்துத் தரும் ஒரு கட்டளை உண்டு. புதிய அடைவில் அதை ஒருமுறை ஓட்டினால் கிம்ப்பின் குறை தீர்ந்தது.

சாவு இரு வகை என்பதை இங்கே நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். 11ஆம் எண் சமிக்ஞையோடு செயலி விழுந்தால், அது கூடாத இடத்தைத் தொட்டு, இயங்குதளத்தால் கொல்லப்பட்டது. 6ஆம் எண்ணோடோ 5ஆம் எண்ணோடோ விழுந்தால், அது பெரும்பாலும் காரணத்தைச் சொல்லித் தானே நின்றது. ஜிடிகேயில் மிகவும் பேர்பெற்ற ஒரு முறிவு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சின்னம் ஒன்றைக் காணவில்லையென்றால் அதற்குப் பதிலாகக் காட்டுவதற்கென்று ஒரு ‘படமில்லை’ சின்னத்தை அது வைத்திருக்கிறது. படங்களைப் படிக்கும் துணைக்கூறுகள் வேறு அடைவில் இருந்துவிட்டால் அந்தச் சின்னத்தையும் படிக்க முடியாமல் போகிறது. ‘அறியாத படவகை’ என்று அறிவித்துவிட்டுச் செயலி முழுவதையும் நிறுத்திவிடுகிறது. படம் இல்லை என்று சொல்வதற்கும் ஒரு படம் வேண்டியிருக்கிறது பாருங்கள்! இன்னொன்று: ஜிடிகேயின் இரண்டாம் பதிப்பையும் மூன்றாம் பதிப்பையும் ஒரே செயலி தன்னுள் ஏற்றிக்கொண்டால், ‘இருவரும் ஒரே இல்லத்தில் வாழ முடியாது’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும், செயலி நின்றுவிடும். பழைய செருகுநிரல்களும் பழைய அலங்கார எஞ்சின்களுமே இந்தச் சக்களத்தியை அழைத்து வருபவை.

வாக்குமூலம் கிடைக்காத 11ஆம் எண் முறிவுகளுக்கு என்ன செய்வது? இரண்டு கருவிகள். ‘எல்டிடி’ என்ற கட்டளையிடம் செயலியின் பெயரைச் சொன்னால், அது எந்தெந்த நிரலகத்தை எந்தெந்த அடைவிலிருந்து எடுக்கிறது என்று வரிவரியாகக் காட்டும். அந்தப் பட்டியலில் சில வரிகள் ‘லோக்கல்’ என்றும் சில வரிகள் இயங்குதளத்தின் அடைவென்றும் கலந்து வந்தால், சந்தேகம் அங்கேயே ஊர்ஜிதம். அடுத்தது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ‘ஜிடிபி’. அதற்குள்ளே செயலியை ஓடவிட்டு, விழுந்ததும் ‘பிடி’ என்ற இரண்டெழுத்தைத் தட்டினால், யார் யாரை அழைத்து, அவர் யாரை அழைத்து, கடைசியில் யார் விழுந்தார் என்ற சங்கிலி முழுவதும் திரையில் வரும். சுழியன் எண்ணிட்ட முதல் வரி விழுந்தவருடையது. புதியவர்கள் அந்த முதல் வரியைப் பார்த்துவிட்டு, ஜிலிப்தான் குற்றவாளி என்று முழங்கிவிடுவார்கள். பொறுங்கள். இறங்கி வாருங்கள். நான்காவது வரியில், ஏழாவது வரியில், நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெயர், எப்போதோ நிறுவி மறந்துபோன ஒரு செருகுநிரலின் பெயர், இருக்கிறதா என்று பாருங்கள். அறுந்த இடம் ஒன்று, பழுதுபட்ட இடம் வேறொன்று. விழுவதற்கு முன்னால் டெர்மினலில் ‘கிரிட்டிக்கல்’ என்று எச்சரிக்கைகள் ஓடியிருந்தால், முதல் எச்சரிக்கையிலேயே செயலியை நிறுத்தும்படி ஜிலிப்புக்கு ஆணையிடவும் முடியும். அப்போது சங்கிலி பழுதுபட்ட இடத்துக்கு மிக அருகே நிற்கும். அதிலும் அகப்படாத கள்ளனை வால்கிரைண்ட் பிடிக்கும். அது செயலியை மிக மெதுவாக ஓட்டி, நினைவகத்தில் கைவைக்கும் ஒவ்வொரு தடவையையும் சோதிக்கிறது. பொறுமை வேண்டும், காப்பி குடித்துவிட்டு வரலாம்.

தமிழில் தட்டெழுதுகிற நமக்கென்று தனியே ஒரு வகை முறிவு உண்டு. அதைப் பற்றி ஆங்கில நூல்கள் அதிகம் சொல்லுவதில்லை. செயலி நன்றாகத் திறக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் ஓடுகிறது. தமிழ்99 விசைப்பலகைக்கு மாறி முதல் எழுத்தைத் தட்டியதும் விழுகிறது. இங்கே சந்தேகிக்கவேண்டியது உள்ளீட்டுமுறைத் துணைக்கூறு. ஐபஸ் என்னும் ஏற்பாட்டின் வழியாக நாம் தட்டெழுதும்போது, அதன் சிறு கூறு ஒன்று ஒவ்வொரு செயலிக்குள்ளும் ஏற்றப்படுகிறது. அது பழைய நிரலகத்துக்காகத் தொகுக்கப்பட்டதாயிருந்தால், புதிய நிரலகத்தோடு உடன்படாது. இதைச் சோதிப்பது எளிது: சூழல் மாறியின் மூலம், எளிய உள்ளீட்டுமுறையையே பயன்படுத்து என்று சொல்லிச் செயலியைத் திறக்கவேண்டும். அப்போது தமிழ் எழுத முடியாது. ஆனால் விழவில்லையென்றால் கள்ளன் யார் என்று தெரிந்துவிடும்.

தட்டாமல், தமிழைக் காட்டினாலே விழுகிறதென்றால் அது வேறு வழக்கு. நம் எழுத்துகள் நினைவகத்தில் இருக்கும் வரிசை வேறு, திரையில் நிற்கும் வரிசை வேறு. ‘கெ’ என்று எழுதும்போது நினைவகத்தில் முதலில் இருப்பது ககரம். கொம்பு அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. திரையில் கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துருவாக்க நிரலகத்தின் வேலை. ‘கொ’ என்றால் ஒரே உயிர்க்குறியை இரண்டாகப் பிளந்து, ககரத்தின் இருபுறமும் வைக்கவேண்டும். இந்தப் பிளத்தலிலும் நகர்த்தலிலும் ஓரடி தப்பினால் என்ன ஆகும்? நமக்கு அண்டை மொழியில் ஆனதைக் கேளுங்கள். 2018 பிப்ரவரியில், ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ் 11.2.5 ஓடிய கைபேசிகளுக்குத் தெலுங்கு எழுத்துத் தொடர் ஒன்று செய்தியாக வந்தால் செய்திச் செயலி விழுந்தது. அறிவிப்பாக வந்தால் முகப்பே விழுந்தது. நம் கிரந்த வழக்கில் ‘ஜ்ஞா’ என்று எழுதுவோமே, அந்த ஒலியுடைய ஒரே ஒரு கூட்டெழுத்து! இரு மெய்கள் புணர்ந்து, அவற்றின் பின்னே கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பறுக்கும் குறி நின்று, அதன் பின்னே உயிர்க்குறி வந்தபோது, கோர்டெக்ஸ்ட் என்ற எழுத்துருவாக்க நிரலகம் கணக்குத் தப்பியது. வங்காளத்திலும் தேவநாகரியிலும் இதே அமைப்புள்ள சில தொடர்களுக்கும் அது இடறியதாக ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். பிப்ரவரி 19ஆம் நாள் 11.2.6 என்ற திருத்தப் பதிப்பு வெளிவந்தது. கோடிக்கணக்கான மக்கள் அன்றாடம் எழுதும் லிபியை, உலகின் பெருஞ்செல்வ நிறுவனம் ஒன்று வெளியிடுவதற்கு முன் போதிய அளவு சோதித்துப் பார்க்கவில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் நாமும் நம் மொழியில் புதிய பதிப்புகளை அவை வெளிவருமுன்பே சோதித்துப் பார்த்து எழுதியனுப்புகிறோமா?

விழாமலே வரும் கேடு ஒன்றும் உண்டு. 2019இல் வந்த, பாங்கோ என்ற எழுத்தமைப்பு நிரலகத்தின் 1.44ஆம் பதிப்பு, எழுத்துருக்களைக் கையாளும் வழியை மாற்றிக்கொண்டு, பழைய டைப் 1 எழுத்துருக்களையும் பிட்மேப் எழுத்துருக்களையும் கைவிட்டது. அவற்றை நம்பியிருந்தவர்களுக்கு எழுத்துக்குப் பதில் வெறுங்கட்டங்களே தென்பட்டன. சிவகாசி அச்சகங்களைப்போலப் பழைய எழுத்துருக்களைப் பொக்கிஷமாகக் காத்துவருகிற இடங்களில், நிரலகத்தைப் புதுப்பிக்குமுன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது. முப்பரிமாணப் படமோ அசைபடமோ வரும்போது மட்டும் விழுந்தால் வரைகலை அட்டையின் டிரைவரைச் சந்தேகியுங்கள். மேசா என்ற வரைகலை நிரலகத்திடம் அட்டையை விட்டுவிட்டு மென்பொருளாலேயே வரையும்படி ஒரு சூழல் மாறியால் சொல்லலாம். மெதுவாகும்; ஆனால் விழாமல் ஓடினால் விடை கிடைத்தது.

பரிகாரத்துக்கு வருகிறேன். நம் இளைஞர் தாம் நிறுவியவற்றையெல்லாம் ‘லோக்கல்’ அடைவிலிருந்து முதலில் அகற்றவேண்டும். தொகுத்த அடைவுகளை அழிக்காமல் வைத்திருந்தால், நிறுவியதை நீக்கும் கட்டளை அங்கேயே இருக்கும். அதன்பின் ‘எல்டிகான்ஃபிக்’ என்ற கட்டளையை ஓட்டினால் ஏற்றியின் பட்டியல் புதுப்பிக்கப்படும். கோப்பு மேலாளரும் பணிப்பட்டையும் எழுந்துவிடும். அப்புறம், புதிய நிரலகங்கள் வேண்டியே தீரும் என்றால், தம் சொந்த அடைவுக்குள்ளே தனியிடம் ஒன்று வகுத்து அங்கே நிறுவி, கிம்ப்பைத் திறக்கும்போது மட்டும் அந்த இடத்தைக் காட்டவேண்டும். அல்லது, இயங்குதளம் இடங்கொடுத்தால், செயலியும் அதற்குரிய நிரலகங்களும் ஒரே பொதியாக வரும் ஃபிளாட்பாக் வழியைப் பின்பற்றலாம். வட்டில் இடம் அதிகம் பிடிக்கும் என்று சிலர் குறைகூறுவார்கள். பிடிக்கட்டும்.

ஒருவேளை பழுது உண்மையிலேயே புதிய நிரலகத்தினுள்தான் இருக்கிறதென்று நிச்சயமானால், எந்த மாற்றத்தால் அது நுழைந்தது என்று காண ஓர் அழகிய உபாயம் உண்டு. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையே ஆயிரம் மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்று வையுங்கள். நட்டநடுவிலுள்ளதை எடுத்துத் தொகுத்துச் சோதியுங்கள். விழுகிறதா? குற்றம் முற்பாதியில். விழவில்லையா? பிற்பாதியில். இப்படியே பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால், ஆயிரம் மாற்றங்களில் குற்றமுள்ள ஒன்றைப் பத்தே சோதனைகளில் பிடித்துவிடலாம். ‘கிட் பைசெக்ட்’ என்ற கட்டளை இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு மாற்றத்தின் பெயரோடும், ‘பிடி’ தந்த சங்கிலியோடும், எதைச் செய்தால் விழுகிறது என்ற சிறு குறிப்போடும் நீங்கள் எழுதியனுப்பினால், உலகின் எந்த மூலையிலுள்ள நிரலகத்தாரும் அதை அலட்சியம் செய்வதில்லை. ‘உங்கள் மென்பொருள் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதுமில்லை.

பழுதான மடிக்கணினியோடு வந்திருக்கிறவர்கள் யாரேனும் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகே வரலாம். சார்ஜரையும் எடுத்து வாருங்கள். பழைய பேட்டரியை நம்பி வால்கிரைண்டைத் தொடங்க முடியாது. வருமுன், அங்கே உட்கார்ந்தபடியே டெர்மினலைத் திறந்து, செயலியை ஒருமுறை விழவைத்து, அது கடைசியாகச் சொன்ன பத்து வரிகளை அழியாமல் வைத்திருங்கள்.